நடுங்கிய இரண்டு கையெழுத்து

போலீஸ் ஸ்டேஷன் போன் வீறிட்டது.

மதியச் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு எடுத்தார்.

"சார்... என் வீட்ல ஒரு பொணம்!"

ஆண் குரல். பல் தந்தியடிக்க முகவரியைச் சொன்னது. துண்டித்தது.

"சோத்துல கை வைக்கறப்பதான் சாவாங்க!"

ஜீப் பறந்தது.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. துப்பாக்கியை உருவிக்கொண்டு நுழைந்தார்.

ஹால்... காலி! சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். குளியலறையில் ஒரே ஒரு டூத் பிரஷ்.

படுக்கையறையில் இரண்டு போர்வைகளுக்கு அடியில் ஒரு பெரியவர் வெடவெடத்துக்கொண்டிருந்தார். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயிண்டர்.

"பொணம் எங்கேய்யா?"

"நீங்க சாயங்காலமா வந்திருந்தா இருந்திருக்கும்!"

"என்ன... நக்கலா?"

"காய்ச்சல்னா யார் சார் வருவா? பொணம்னாத்தானே ஓடி வர்றீங்க..."

தலைமாட்டில் ஒரு நோட்டு. இன்ஸ்பெக்டர் புரட்டினார். தேதி போட்டு, பக்கத்துக்கு ஒரு வரி. அச்சடித்த மாதிரி எழுத்து. கீழே 'மனைவி' என்று ஒரு கையெழுத்து.

இன்றைய பக்கத்தில் வரி கோணல்மாணலாக ஓடியது. மனைவியின் கையெழுத்தும்... அதே கோணல்!

போலீஸ் மூளை விழித்தது.

"புருஷனுக்குக் கை நடுங்கினா பெண்டாட்டிக்குமா நடுங்கும்? எங்கே அந்தம்மா?"

"செத்து மூணு வருஷமாச்சு."

"அடப்பாவி... ஃபோர்ஜரி!"

"ஆமா சார். உசுருக்காகப் பண்ணினேன்." பெயிண்டர் மூச்சு வாங்கினார். "லிம்ஃபோமா. நிணநீர்க் கேன்சர். மூணு தடவை கீமோ கொடுத்தும் அடங்கலை. இப்போ கேன்சரைத் தேடி அடிக்கற ரெண்டு ஆன்டிபாடி மருந்தைச் சேர்த்து ஏத்திப் பாக்கறாங்க. சோதனைதான். ஆனா எனக்குக் கட்டி பாதி கரைஞ்சிடுச்சு!"

"அதுக்கு ஏன் செத்தவங்க கையெழுத்து?"

"மருந்து ஏத்தினா ரெண்டு நாள் வீட்ல கூட ஆள் இருக்கணும். காய்ச்சல் வருதா, எழுத்து கோணுதான்னு பாக்கணும். கோணினா மருந்து மூளையைத் தொட்டிருக்கலாம்னு அர்த்தம். ஆள் இல்லேன்னா சேர்த்துக்க மாட்டாங்க..."

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வீட்டம்மாகிட்ட கொடுங்கம்பாங்க. குட்டு உடைஞ்சிடும். மருந்தை நிறுத்திடுவாங்க. எனக்கு வேற மருந்தே இல்ல சார்!"

"பக்கத்து வீட்டுக்காரர்?"

"எட்டு வருஷமா குடியிருக்கேன். அவர் பேர்கூடத் தெரியாது."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். டியூட்டியில் செத்தால் அவருக்குக் கொடி போர்த்த ஆள் உண்டு. காய்ச்சலில் கிடந்தால் வெந்நீர் கொடுக்க ஆள் இல்லை.

"ஆஸ்பத்திரில உங்களை என் தம்பின்னு..."

"பொய்ச்சாட்சிக்கு வேற ஆளைப் பாரு!" என்று உறுமினார். ஆனால் அள்ளித் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

ஆஸ்பத்திரியில் மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது. எழுத்து நேரானது. பெயிண்டர் தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

மருந்து சோதனையைக் கவனிக்கும் நர்ஸ் கொதித்தாள்.

"உங்க நோட்டுல இருக்கற பொய்யை வெச்சு மருந்து பத்திரம்னு நம்பி இன்னும் எத்தனை பேருக்கு மருந்து ஏத்துவோம் தெரியுமா? இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நீங்களே போயிருப்பீங்க!"

"என்னை நீக்கிடுவீங்களாம்மா?"

"டாக்டர்கிட்ட பேசிட்டேன். நிஜமாவே கூட ஒரு ஆள் இருந்தாத்தான் வியாழக்கிழமை மருந்து. ஆமா... மனைவிதான் இருக்கணும்னு யார் சொன்னா? சொந்தமே வேண்டாமே! யாராவது ஒருத்தர் போதும்னுதானே ஃபாரத்துல போட்டிருக்கு?"

"அந்த யாராவது ஒருத்தர்தாம்மா இல்ல."

நர்ஸ் கையிலிருந்த ஃபாரத்தைப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் ஃபாரத்தை வெடுக்கென்று பிடுங்கினார். கையெழுத்துப் போட்டார்.

"சார்... நீங்களா?" பெயிண்டரின் கண் தளும்பியது.

"பொய்ப் புகார் ஒண்ணு, ஃபோர்ஜரி ஒண்ணு! வியாழக்கிழமையிலேர்ந்து ரெண்டு நாள், உங்க வீட்லயே வெச்சு விசாரிக்கப் போறேன்!"

"அடிக்க... மாட்டீங்களே?"

"நான் எதுக்குய்யா? அதுக்குத்தான் உள்ளே ரெண்டு மருந்தை இறக்கிவிட்டிருக்காங்களே!"