ஓட்டுநர் இல்லாத ரயிலில் தூங்கியவர்

விமானம் ஆறு மணி நேரம் தாமதம். அம்மா பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டாள். தம்பிப் பாப்பாவுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஆனால் தூங்கத்தான் தெரியவில்லை. அழுது தீர்த்தான்.

விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு குட்டி ரயில் ஓடியது. மூன்று முனையங்களையும் சுற்றிச் சுற்றி வரும். ஓட்டுநர் கிடையாது. அதில் ஏறியதும் பாப்பா அப்பாவின் தோளில் தூங்கிப்போனான். இறங்கியதும் விழித்துக்கொண்டான். அதனால் அப்பாவும் பத்து வயது அக்காவும் மறுபடி ஏறி, இறங்காமலேயே உட்கார்ந்திருந்தார்கள். அக்காவுக்குக் கால் வலித்தது. பேசக்கூடத் தெம்பில்லை.

எதிர் இருக்கையில், சிமென்ட் கறை படிந்த செருப்போடு ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாவம், ரொம்ப அசதி போல," என்று சொல்லி அப்பா கொட்டாவி விட்டார்.

மூன்று சுற்று முடிந்தது. எதிரில் இருந்தவர் எழவே இல்லை. அவருடைய சட்டைப் பையில் போர்டிங் பாஸ் நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து படித்தாள். மூன்றாம் முனையம். விமானம் ஏறும் வாசல் மூடும் நேரம் 3.20. ரயிலின் கடிகாரத்தில் 3.09.

"அப்பா, இவருக்கு இன்னும் பதினோரு நிமிஷம்தான் இருக்கு."

"முன்னப்பின்ன தெரியாதவரை எப்படிம்மா எழுப்பறது? திட்டினா?"

"திட்டு வாங்கிக்கலாம்ப்பா. ப்ளேன் போயிட்டா இவர் என்ன பண்ணுவார்?"

அக்கா எழுந்து, தூங்கியவரின் தோளைத் தட்டினாள். "மாமா... மாமா..."

அவர் திடுக்கிட்டு விழித்தார். "கடைசி ஸ்டாப் வந்துடுச்சா?"

"இதுக்குக் கடைசியே கிடையாது மாமா. சுத்திக்கிட்டே இருக்கும்."

"கண்டக்டர் எழுப்புவார்னு நெனச்சேன்."

"டிரைவரே இல்ல மாமா."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "நேத்து ராத்திரி வேலை முடிச்சு அப்படியே வந்தேன். மூணு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வீட்டுக்குப் போறேன்."

"அடுத்தது உங்க ஸ்டாப்தான்."

கதவு திறந்ததும் பாய்ந்து இறங்கினார். அவர் பை இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. அக்கா அதை இழுத்து, இரண்டு கையாலும் வெளியே தள்ளினாள். அவர் திரும்பி வந்து தூக்கிக்கொண்டார். கதவு மூடியது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சீருடை அணிந்த ஒரு பெண், வாசலை அடைக்கக் கயிற்றை மாட்டப் போனாள். அவர் கையை ஆட்டியபடி ஓடினார். அவள் கயிற்றை மறுபடி கழற்றினாள்.

ரயில் நகர்ந்தது. பாப்பா அசையவே இல்லை.

அப்பா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மறு தோளைக் காட்டினார். அக்கா தலையைச் சாய்த்தாள். அடுத்த நிறுத்தம் வந்தது அவளுக்குத் தெரியாது.