இருநூற்றுப் பன்னிரண்டு மீன் குழம்புகள்

காலை ஐந்து நாற்பதுக்குக் காற்றுமானி ஒருமுறை கூவியது. பரிதி எழுந்தான். அன்றைய பங்குத் தண்ணீர் மூன்று லிட்டரைப் பிடித்து வைத்தான். பாசி மாவில் நான்கு தோசை வார்த்தான். ஆறு வயது மகள் குயிலியை எழுப்பினான். சுவரிலிருந்து நீண்ட இயந்திரக் கை அவளுக்கு இரட்டைச் சடை பின்னியது. பின்னி முடித்ததும், அவள் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருந்த, மனநிலையை நிறத்தில் காட்டும் மனமணியைப் பார்த்தான். பச்சை என்றால் பள்ளிக்கு அனுப்பலாம். மஞ்சள் என்றால் அனுப்பிவிட்டுக் கவனிக்க வேண்டும். குயிலிக்குச் சிவப்பு. எட்டு மாதமாக அப்படித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்புதான் அவன் மனைவி வஞ்சி சுரங்க வாயிலில் காற்றடைப்புக் கதவு உடைந்து இறந்தாள். செவ்வாய்க் கிரகத்தின் நான்காம் குவிமாடத்தில் அது மூன்று வரிச் செய்தி. பரிதி மறுநாளே வேலைக்குப் போனான். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெரியவர்களுக்கு மனமணி கிடையாது.

பரிதியும் குயிலியும் ஏறிய மின்தூக்கியில் மேல்தளத்துச் சுகந்தி தன் மகனோடு நின்றிருந்தாள். பையன் கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தான்.

"மதிப்பீட்டுக்கா தம்பி?" என்று பரிதியைக் கேட்டாள் சுகந்தி.

"ஆமாக்கா. மறுதேர்வு."

"டியூஷன் அனுப்புன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா? இவன் போன வருஷம் தொண்ணூத்தெட்டு. இந்த வருஷம் நூறு வாங்கியே ஆகணும்."

"எதுல?"

"மன ஆரோக்கியத்துலதான். பின்னே எதுல?" அவள் மகன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "டேய், கவலை வந்தா என்ன செய்வே?"

"நம்பிக்கையான பெரியவரிடம் பகிர்ந்துகொள்வேன்."

"சிரிச்சுக்கிட்டே சொல்லுடா!"

மதிப்பீட்டுக்கூடத்தில் டாக்டர் மெஹருன்னிசா கண்ணாடிப் பலகையில் குயிலியின் அறிக்கையை விரித்தார். நல்ல மனுஷி. தூக்கமில்லாத கண்கள்.

"நூத்துக்கு ஆறு," என்றார். "அம்மாவைப் பத்தி அஞ்சு வரி கேட்டிருக்கு அளவி மெஷின். உங்க பொண்ணு பதினோரு நிமிஷம் வாயே திறக்கலை. விலகல் மனம்னு எழுதியிருக்கு. சமன்சில்லு வைக்கச் சொல்லுது."

சமன்சில்லு அரிசியளவுதான் இருக்கும். நெற்றிக்குள் வைத்தால் துக்கம், கோபம், பிடிவாதம் மூன்றும் ஒரே வாரத்தில் தட்டையாகிவிடும். திரும்ப எடுக்க முடியாது.

"எதிலேர்ந்து விலகல்?" என்று கேட்டான் பரிதி.

அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை. ஆரோக்கியமான குழந்தை எப்படி இருக்கும் என்று அளவி இயந்திரத்துக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. குடியிருப்பின் எல்லாக் குழந்தைகளையும் கேட்டு, பெரும்பாலோர் எப்படியோ அதுதான் ஆரோக்கியம் என்று அதுவே முடிவு கட்டிக்கொண்டது.

"மத்தக் குழந்தைங்க என்ன சொன்னாங்கன்னு காட்டுங்க டாக்டர்."

"அது ரகசியம், சார்."

"பேரை மறைச்சுட்டுக் காட்டுங்க."

அவர் தயங்கினார். பிறகு விரலால் பலகையைத் தள்ளினார். இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. பரிதி முதல் பதிலைப் படித்தான். இரண்டாவதைப் படித்தான். நூறாவதுக்குத் தாவினான்.

*என் அம்மா அன்பானவர். என் அம்மா அழகானவர். என் அம்மா ஞாயிறுதோறும் மீன் குழம்பு வைப்பார்...*

"டாக்டர், இந்தக் கிரகத்துல மீன் ஏது?"

மெஹருன்னிசா பலகையின் வெளிச்சத்தைக் குறைத்தார்.

"இதுல ஒரு பிள்ளையாவது மீனைப் பார்த்திருக்கா?"

"பூமியிலேர்ந்து முதல் கப்பல்ல யாரோ மாதிரி வினாவிடைப் புத்தகம் ஒண்ணு கொண்டுவந்திருக்காங்க. டியூஷன்ல இன்னிக்கும் அதுதான்." அவர் குரல் தாழ்ந்தது. "என் பொண்ணும் அங்கதான் படிக்கிறா. தொண்ணூத்தொம்பது."

"அப்ப இருநூத்துப் பன்னிரண்டு பேரும் ஆரோக்கியம். மனப்பாடம் பண்ணாத ஒருத்தி மட்டும் நோயாளி."

"எனக்குப் புரியாமலா இருக்கு? அளவிக்கு யார் சொல்றது? உள்ளே போனதும் அந்த மீன் குழம்பை அவளும் சொல்லட்டும். நான் சொல்லித் தர்றேன், அஞ்சு நிமிஷம் போதும். மணி பச்சையாயிடும். இல்லேன்னா சில்லுக்கு நீங்க சம்மதக் கையெழுத்துப் போடணும்."

"ரெண்டும் மாட்டேன்னா?"

"குழந்தைக்கு இங்கே இருக்கிற உரிமை போயிடும். உங்க வேலையும் போகும். அடுத்த கப்பல்ல திருப்பி அனுப்பிடுவாங்க. பூமியில உங்களுக்கு யார் இருக்கா?"

"யாருமில்லை."

பரிதி கண்ணாடிப் பலகையில் சம்மதப் படிவத்தைத் திறந்தான். கையெழுத்துக் கட்டத்தின் குறுக்கே கோடு இழுத்தான். பேனா கண்ணாடியில் கீச்சென்றது. அதோடு நிற்காமல் கோட்டின் மேலேயே இன்னொரு கோடும் போட்டான்.

"கப்பல்ல ரெண்டு இடம் பதிஞ்சிடுங்க. என் பொண்ணு பொய் சொல்லிப் பாஸாக வேண்டாம். பொய் சொல்லாததுக்காக அவ மண்டையில ஓட்டை போடவும் விடமாட்டேன்."

"மறுதேர்வை எழுதாம அனுப்ப முடியாது, சார். விதி."

"எழுதட்டும். நானும் உள்ளே வர்றேன்."

உள்ளே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. குயிலி அதில் ஏறி உட்கார்ந்தாள். கால்கள் தரைக்கு எட்டவில்லை. பரிதி அவளெதிரே தரையில் மண்டியிட்டான். எட்டு மாதத்தில் அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததில்லை.

"பாஸாகணும்னு இல்லைடா கண்ணு. நாம ஊருக்குப் போறோம். உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு."

"எதுன்னாலுமா?"

"எதுன்னாலும்."

அளவி, பயிற்றுவிக்கப்பட்ட இனிய குரலில் கேட்டது: "உன் அம்மாவைப் பற்றி ஐந்து வரிகள் கூறு."

மெஹருன்னிசா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குயிலி இயந்திரத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். நிதானமாக, ஒரு விரலை மடக்கினாள்.

"அம்மா செத்துட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வரிதான். மீதி நாலு வரி அப்பாவுக்குத் தெரியும், என்கிட்ட சொல்ல மாட்டேங்கிறார். நீங்க அவர்கிட்ட கேளுங்க, நானும் கேட்டுக்கிறேன்."