கேட்டுக்கு வெளியே

தத்தனேரி சுடுகாட்டில் அம்மாவை எரித்துவிட்டுத் தமிழ்வாணி ஆட்டோவில் வந்து இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தெரு எப்போதும்போலவே இருந்தது. பஸ் நிலையமும் ரயிலடியும் கூப்பிடு தூரம். பள்ளிவாசலில் பாங்கு ஓதி முடிந்து, சர்ச்சில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சேட்டு வீட்டிலிருந்து சப்பாத்தி வாசனை வந்தது.

அம்மாவுக்கு இந்தத் தெரு என்றால் உயிர். உசிலம்பட்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போன காலத்தில், யார் வீட்டுக்குப் போனாலும் வாசலோடு நின்று பழகியவள் தங்கப்பொண்ணு. இங்கேயோ, பக்கத்து வீட்டு ஜுலைகா அக்காவின் அடுப்படி வரை போய் உப்பு எடுத்துக்கொண்டு வருவாள்.

"இங்க யாரும் நம்மள வெளிய நிக்க வைக்கல பாப்பா" என்பாள்.

அந்த அம்மாவைத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. காலையில் வீட்டுக்காரம்மா முத்துமீனா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா நெனைக்காத தமிழு. வாடகை வீட்டுல பொணத்தப் போட்டா அப்புறம் எவன் குடிவருவான்?"

ஆம்புலன்ஸ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பியது. சுடுகாட்டுக் குழாயடியில் வைத்துத்தான் அம்மாவுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார்கள்.

தமிழ்வாணி உள்ளே வந்து கேட்டைச் சாத்தினாள்.

பின்னால் ஈரச்சேலை சொட்டும் சத்தம்.

திரும்பினாள். யாரும் இல்லை. கேட்டுக்கு வெளியே, காய்ந்த சிமென்ட் தரையில், இரண்டு ஈரப் பாதங்கள். அவற்றைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பச்சை மஞ்சள் வாசனை.

"அம்மா... உள்ள வாம்மா."

பாதங்கள் அசையவில்லை.

கேட்டை அகலத் திறந்தாள். அப்போதும் அசையவில்லை. திருப்பி அனுப்பிய வீட்டுக்காரம்மா கூப்பிடாமல் அம்மா படி மிதிக்கமாட்டாள்.

"எதுக்குடி கேட்டத் தொறந்து போட்டுருக்க?" என்றபடி வந்த முத்துமீனா, தரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

தமிழ்வாணி அவள் கையைப் பிடித்தாள். "நீங்க கூப்பிடுங்க அத்த. நீங்க சொன்னாத்தான் வரும்."

"நான் என்னடி செய்வேன்... ஊர் ஒலகத்துல எல்லாரும்..."

"கூப்பிடுங்க அத்த. அம்புட்டு ஈரத்தோட நிக்குது."

முத்துமீனா ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்க... உள்ள வாங்க."

ஒரு பாதம் உள்ளே பதிந்தது. பிறகு இன்னொன்று. ஏதோ குளிர்ந்த ஈரம் தமிழ்வாணியின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. தடங்கள் மாடிப்படியில் ஏறி, அம்மா குடியிருந்த வீட்டுக்குள் போயின.

முத்துமீனா கேட்டைச் சாத்தப் போனாள்.

கேட் நகரவில்லை.

வெளியே இன்னொரு ஜோடி ஈரப் பாதங்கள். ஆண் பாதங்கள். இடதுகால் இழுத்து இழுத்து வந்திருந்தது.

"சோணை அண்ணே..." என்றாள் முத்துமீனா.

பின்கட்டில் குடியிருந்தவர். கைகால் விழுந்து இறந்துபோனவர். அவர் உடலையும் அவள் இந்தக் கேட்டிலிருந்துதான் திருப்பி அனுப்பியிருந்தாள்.

அவருக்குப் பின்னால் ஒரு குழந்தையின் பாதங்கள். அது யார் வீட்டுப் பிள்ளை என்று இருவருக்குமே தெரியவில்லை.

அதற்கும் பின்னால், தெருமுனை வரைக்கும், ஜோடி ஜோடியாகப் பாதங்கள் பதிந்து தரை ஈரமாகிக்கொண்டே வந்தது.