தொண்ணூறுக்குக் கீழே

அரங்க வாசலில் நாடிப்பட்டை கட்டாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. கல்யாண வீட்டில் சந்தனம் கொடுப்பதுபோல, சிரித்த முகத்தோடு மணிக்கட்டில் மாட்டிவிடுவார்கள். அன்றைக்கு எட்டாயிரம் பேர். அத்தனை பேர் துடிப்பின் சராசரியும் சென்னை உள்ளரங்கின் மேலறையில், நிகழ்ச்சி மேலாளர் அருள்மங்கையின் திரையில் ஓடியது. தொண்ணூற்று மூன்று. மங்கை நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

கைதட்டலையும் பார்வையாளர் கணக்கையும் இயந்திரங்களே தயாரிக்கத் தொடங்கிய பிறகு, விளம்பரக்காரர்கள் மனித இதயத்தை மட்டும்தான் நம்பினார்கள். ஐந்து நிமிடம் சராசரி தொண்ணூறுக்குக் கீழே கிடந்தால் விளக்குகள் தாமாக அணையும். ஆட்டம் நடக்காததாகிவிடும். அப்புறம் பத்து வருடத்துக்கு அந்த ஊரில் ஆசிய இறகுப்பந்துப் போட்டியே கிடையாது.

எண்பத்தொன்பது. எண் அப்படியே கிடந்த நான்காவது நிமிடத்தில் தூத்துக்குடி ஜெபராஜ் பந்துக்குப் பாய்ந்து, மட்டையை நெஞ்சோடு அணைத்தபடி தடாலென்று விழுந்தான். அசையவில்லை. எண் நூற்றுப்பத்துக்குத் தாவியது.

"டாக்டர், ஓடுங்க!" என்று கத்தினாள் மங்கை.

டாக்டர் ரஹ்மத் ஓடிப்போய்க் குனிந்ததும் கூட்டம் பெருமூச்சு விட்டது. எண் தொண்ணூற்றொன்றுக்குச் சரிந்தது. ஜெபராஜ் மேலறையோடு பேசும் டாக்டரின் ஒலிவாங்கியைப் பிடுங்கினான்.

"அக்கா, யாரு இவர அனுப்புனது? நாடி எறங்குதேன்னுதான் விழுந்தேன். ஒரு நிமிசம் விட்டிருந்தா நூத்துமுப்பதத் தொட்டிருக்கும்லா!"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"நாங்க எல்லாருமே இப்படித்தான் விழுதோம். இனிமே நான் கையக் காட்டுற வரைக்கும் ஒருத்தரும் வரக்கூடாது. கேட்டியளா?"

சரி என்றாள். பன்னிரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் இது தெரியாமல் போனதே என்று கூச்சமாக இருந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. எண் மறுபடி எண்பத்தெட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று நிமிடம். நான்கு. மங்கை திரையையே பார்த்தாள். 'விழுந்துடுப்பா' என்று அவள் உதடு தானாக முணுமுணுத்தது.

அவன் விழுந்தான்.

நூற்றுப்பத்து. நூற்றிருபத்தைந்து. "அப்பாடா!" என்றாள் வாய்விட்டு. கீழே டாக்டர் எழுந்துவிட்டார்.

"இருங்க டாக்டர். கையக் காட்டுவான்."

"ரெண்டு நிமிஷம் ஆகப்போகுதும்மா."

"காட்டுவான்."

நூற்று நாற்பத்திரண்டு. தலைமையகத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. சிரித்துக்கொண்டே களத்தைப் பார்த்த மங்கையின் கண் வலையடியில் நின்றது. அவனுடைய மட்டை அங்கே தனியாகக் கிடந்தது. போன தடவை அதை அவன் விடவே இல்லை.

டாக்டரை அழைத்தபடியே அவளும் படியிறங்கி ஓடினாள். அவர் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். "நாடி இருக்கா பாரும்மா!" என்றார் மூச்சிரைக்க.

மங்கை அவன் மணிக்கட்டைத் தூக்கிப் பழக்கத்தில் பட்டையைத் தேடினாள். வெறும் கை. ஆட்டக்காரர்களுக்குப் பட்டை கட்டும் வழக்கமே இல்லை. எட்டாயிரம் பேரும் எழுந்து நிற்க, எங்கே விரல் வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.