முன்பே எடுத்த முகங்கள்

டி.வி. வினாடி வினாப் போட்டி தொடங்குவதற்கு முன்பே அவளைச் சிரிக்கச் சொன்னார்கள்.

எதிரே பார்வையாளர் நாற்காலிகள் எல்லாம் காலி. தொகுப்பாளர் இன்னும் வந்து சேரவில்லை. கேள்வி இல்லை, பதில் இல்லை, சிரிக்க ஒரு காரணமும் இல்லை. புதுப் பெயின்ட் வாசனையும் சூடேறிய விளக்குகளில் தூசி கருகும் வாசனையும் கலந்து தொண்டையை அடைத்த அந்த ஜன்னலில்லாத கூடத்தில், ஏசி மட்டும் ஏதோ ஒரு மூலையில் சளி பிடித்தவன் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“ஷோ நடக்கும்போது எல்லார் மூஞ்சியையும் ஒரே நேரத்துல பிடிக்க முடியாதும்மா,” என்றார் தொப்பிக்காரர். தலையில் தொப்பியும் அதன்மேல் ஹெட்போனுமாக அந்தத் தளம் முழுவதையும் ஆட்டிவைப்பவர் அவர்தான். “அதனால முன்னாடியே எடுத்து வெச்சுப்போம். சிரிப்பு, ஆச்சரியம், பதட்டம், அழுகை. தேவைப்படுற இடத்துல மேல கண்ட்ரோல் ரூம்ல இருக்கறவங்க சேர்த்துப்பாங்க.”

“எதிர்ல யாருமே இல்லையே சார், எதைப் பாத்துச் சிரிக்கறது?”

“எதையும் பாக்க வேணாம். நீங்க சிரிங்க. காரணம் அப்புறம் வரும்.”

கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. வழக்கமாக அந்தச் சிவப்பைக் கண்டாலே அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்துவதைப் படம்பிடித்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். இரண்டு தரம் சாக்பீஸும் கையுமாகச் சிலைபோல நின்றுவிட்டாள். இன்னொரு தரம் அப்படி நின்றால் படிப்புக்கு முழுக்குத்தான். அதனால்தான் அக்கா, இவளைக் கேட்காமலே, இந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

கார் ஓட்டக் கற்றுத்தருவது அக்காவின் தொழில். “பயப்படறவங்கள மைதானத்துலயே சுத்த விட்டா காலம் பூரா மைதானத்துலதான் சுத்துவாங்க. ரோட்டுல இறக்கிடணும்,” என்பாள். “நீயும் இப்படியே வாயில்லாப் பூச்சியா இருந்தா, வீட்டுல நான் யாரோட சண்டை போடறது?” நியாயம்தான். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் சண்டைக்கும் சமாதானத்துக்கும் இருந்தது இரண்டே பேர். அக்காவை விட்டால் இவளுக்கு நாதி கிடையாது.

சிரித்தாள். என்ன அதிசயம், வந்தது! ஆளில்லாத கூடத்தில் கேமரா வெறும் இரும்பாகத் தெரிந்தது. புருவம் உயர்த்தி ஆச்சரியப்பட்டாள். கையால் வாயைப் பொத்திப் பதறினாள். அழுகைகூடக் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் மேலே கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் ஒலிபெருக்கியில், “கிடைச்சுது,” என்றது. அந்த ஒரு சொல் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷத்தைத் தந்தது.

“சார், இன்னொண்ணு குடுக்கட்டுமா? அலறல்?”

தொப்பிக்காரர் முகம் ஒரு மாதிரி ஆனது. “அது யாரும் கேக்கலையேம்மா. வேணாம். எடுத்தத வீணாக்குற பழக்கம் இங்க இல்ல.”

“அப்ப நல்லதுதானே சார்!”

அவர் மறுப்பதற்குள் முன்வரிசையின் நடு நாற்காலியைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து அலறினாள். கூடம் அதிர்ந்தது. எதிரொலி அடங்கிய பிறகும் ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“கிடைச்சுது.”

மேக்கப் போடுகிற பெண் வந்து, வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கிறது என்று அவள் கூந்தலில் இருந்த வெள்ளிக் கிளிப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் வந்து நிறைந்தது. அக்கா எல்லாரையும் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து முன்வரிசையில் நடுவாக உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையைக் காட்டி, “விடாதே, நேரா போ,” என்று வாயசைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பக்கத்து மேஜையில் எதிர்ப்போட்டியாளர், வங்கியில் வேலை பார்ப்பவர், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டனைத் தடவிக்கொண்டே நின்றார். முதல் கேள்வி வந்தது. சிவப்பு விளக்கு. நாக்கு கொஞ்சம் தடுமாறினாலும் பதில் வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா மட்டும் எழுந்து நின்று தட்டினாள்.

அப்போதுதான் எதிரே தொங்கிய மானிட்டரைப் பார்த்தாள். அதில் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சிரிக்கவில்லை. உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மானிட்டரில் இருந்தவளின் கூந்தலில் வெள்ளிக் கிளிப் மினுங்கியது. ஓகோ, முதலில் எடுத்ததைச் சேர்க்கிறார்கள். ஆனால் இங்கே சிரிக்க என்ன இருக்கிறது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் தொகுப்பாளர் தரையில் கிடந்த ஒயரில் கால் தட்டி, பல்டி அடிக்காத குறையாகத் தடுமாறி, தானே அசடு வழிந்தார். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள், மானிட்டரில் இருந்தவள் சிரித்த அதே அளவுக்கு.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து ஆச்சரியம். மானிட்டரில் புருவங்கள் உயர்ந்தன. உயர்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் மேலே இருந்த விளக்குகளில் ஒன்று படீரென்று வெடித்துத் தங்கத் துகள்போலப் பொறி கொட்டியது. நிகழ்ச்சியில் இதுவும் சேர்த்தி என்று நினைத்து ஜனங்கள் ஆவென்று வாய்பிளந்தார்கள். கருகிய வாசனை அடர்ந்தது. ஏசியின் இழுப்பு நின்றுபோயிருந்தது.

மூன்றாவதைப் பார்க்கக்கூடாது என்று கண்ணைத் தாழ்த்தினாள். முடியவில்லை. மானிட்டரில் அவள் கை அவள் வாயைப் பொத்தியது.

வங்கிக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூக்கிலிருந்து ரத்தம் இறங்கியது. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு. பிறகு கோடு.

“ஒண்ணுமில்ல, சூடு,” என்றார் அவர். அப்படியே மேஜைமேல் சரிந்தார்.

மானிட்டரில் அவள் அழ ஆரம்பித்தாள்.

இரண்டு பேர் அவரைத் தூக்கினார்கள். கை தொங்கியது. ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் தானாக வழிந்தது. தொகுப்பாளர், “சின்ன மயக்கம்தான், பயப்படாதீங்க!” என்று பல் தெரியச் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியை எடுத்தார்.

சிரிப்பு. ஆச்சரியம். பதட்டம். அழுகை. கேட்டது நாலும் முடிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

ஐந்தாவது. யாரும் கேட்காதது. வலியப் போய் அவளே கொடுத்தது.

முன்வரிசை. நடு நாற்காலி.

அக்கா.

தொப்பிக்காரரைத் தேடினாள். அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் ஆளே தெரியவில்லை. இருட்டு. மானிட்டரில் காட்சி மாறியது. கிளிப். முகம். வாய் மெல்லத் திறக்கத் தொடங்கியது.

எழுந்திரு அக்கா. வெளிய போ. இரண்டே வாக்கியம். சொல்லிவிடலாம்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது.

மரத்த உதடு. அதே சிலை. அதே வாயில்லாப் பூச்சி. பாவி, இப்பவா! மேஜையின் விளிம்பைப் பிடித்தாள். நகம் மடங்கியது. மானிட்டரில் வாய் பாதி திறந்துவிட்டது.

“அக்கா!”

வந்துவிட்டது. குரல் வந்துவிட்டது.

“அக்கா, எழுந்திரு! வெளிய ஓடு! அங்க உக்காராதே! கெஞ்சிக் கேக்கறேன், ஓடு அக்கா!”

கேமராவை நேருக்கு நேர் பார்த்தபடி, ஒரு சொல்கூடத் திக்காமல், கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

அக்கா எழவில்லை. அவள் முகம் மலர்ந்தது. கண் நிறைந்தது. பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, “பாத்தீங்களா, எங்க பூச்சி பேசிருச்சு!” என்றாள். கைதட்டத் தொடங்கினாள்.

கூட்டமும் தட்டியது. மழை மாதிரி.

“தட்டாதே அக்கா! எழுந்திரு!”

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மானிட்டரில் வாய் முழுதாகத் திறந்தது. அலறல் ஒலிபெருக்கி வழியாக வந்தது. மேஜைமேல் தாவி ஓடினாள். ஒயர். வெளிச்சம். விழுந்தாள். நிமிர்ந்தாள். கைதட்டல் பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே வந்தது. எல்லாரும் முன்வரிசையைப் பார்த்தார்கள்.

அக்காவின் தலை தோளில் சாய்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவற்றில் அக்கா இல்லை.

அக்காவின் இரண்டு கைகள் மட்டும், மடியிலிருந்து எழும்பி எழும்பி, ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருந்தன.