கால்குலேட்டருக்கு எதுக்கு என் முகம்?

சனிக்கிழமை காலை. எறும்பு அவசரத்தில் இருந்தாள். அவள் எப்போதுமே அவசரத்தில்தான் இருப்பாள்.

வகுப்பிலேயே சின்ன உருவம் அவளுக்கு. ஓர் இடத்தில் ஒரு நிமிடம் நிற்காத கால்கள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அம்மாகூட, "எறும்பே, பல் தேய்ச்சியா?" என்றுதான் கேட்பார்.

அம்மா பெண்களுக்கு முடிவெட்டும் பார்லர் வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் பார்லர். இரண்டு சுழல் நாற்காலிகள், சுவர் முழுக்க ஒரு கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டூல். சுவரின் உச்சியில் ஒரு டிவி. அதன் ரிமோட் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

"வர்றவங்க எல்லாம் என்ன மாதிரி வெட்டறதுன்னு பத்து நிமிஷம் யோசிக்கிறாங்க. டிவியில மாடல் படம் ஓடினா பார்த்துச் சொல்லிடுவாங்க இல்ல?" என்று அம்மா முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

எறும்பு பார்லர் போனை எடுத்தாள். போனில் இருக்கும் படங்களை டிவியில் காட்டும் செயலி ஒன்றைத் தேடிப் பிடித்து இறக்கினாள். திறந்ததும் அது ஒரு கேள்வி கேட்டது. உங்கள் படங்களையும் வீடியோக்களையும் பார்க்க இந்தச் செயலியை அனுமதிக்கலாமா?

கீழே மூன்று பதில்கள். 'எல்லாவற்றையும் அனுமதி.' 'தேர்ந்தெடுத்தவை மட்டும்.' 'அனுமதிக்க வேண்டாம்.'

தேர்ந்தெடுப்பதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது? அவள் முதல் பதிலை அழுத்தினாள். டிவியில் குட்டை முடி மாடல் படம் பளிச்சென்று வந்தது.

"அட, பரவாயில்லையே" என்றார் அம்மா. போனைச் சார்ஜில் போட்டு, டிவிக்குக் கீழே இருந்த உயரமான பலகையில் வைத்தார்.

பத்து மணிக்கு பார்லர் நிறைந்துவிட்டது. ஒரு நாற்காலியில் தலை முழுக்கச் சாயம் பூசிக்கொண்டு பல் டாக்டர் அம்மா. இன்னொன்றில் ஈரத் தலையோடு பஸ் கண்டக்டர் அக்கா. பெஞ்சில் மூன்று பேர்.

டிவியில் சுருட்டை முடி மாடல் ஒன்று வந்தது. அடுத்து, நீள முடி. அதற்கடுத்து, எறும்பின் அப்பா வந்தார். சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் அப்பா.

"இந்த மாடல் எனக்கு வேண்டாம்மா" என்றார் பல் டாக்டர். பார்லரே சிரித்தது.

அடுத்து கரண்ட் பில் வந்தது. பிறகு, எறும்பின் தம்பி சட்டை இல்லாமல் வாளிக்குள் உட்கார்ந்திருந்தான். எறும்பும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

போனில் இருப்பது எல்லாமே வருகிறது. எல்லாமே என்றால், பூனையின் வீடியோக்களும்.

பூனை அவளுடைய தோழி. சத்தமில்லாமல் நடப்பாள், சத்தமில்லாமல் உட்காருவாள். பேச ஆரம்பித்தால் சில எழுத்துகள் அவளுக்குத் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதனால் வகுப்பில் பேசுவதே இல்லை. ஆனால் மூன்று வாரமாக, பள்ளி விட்டதும் பார்லருக்குப் பின்னால் துண்டு துவைத்து அடுக்கும் சின்ன அறைக்கு வந்துகொண்டிருந்தாள். அங்கே பார்லர் போனை எறும்பு பிடித்துக்கொள்வாள். பூனை செய்தித்தாளைப் பார்த்து வாசிப்பாள். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்து, எங்கே சிக்கியது என்று குறித்துக்கொள்வாள்.

காலைக் கூட்டத்தில் ஒருநாள் செய்தி வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"எ... எங்க வீட்டுல பழகினா அண்ணனுங்க நடிச்சுக் காட்டுவாங்க. யார்கிட்டயும் சொல்லாத. சரியா வ... வரலன்னா யாருக்கும் தெரியாம விட்டுடுவேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள்.

எறும்பும் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

இப்போது ஒன்பது வீடியோக்கள் அந்தப் பலகைமேல் இருந்த போனில் இருந்தன. எது எப்போது வரும் என்று தெரியாது.

பலகை அவளுக்கு எட்டாது. ஸ்டூல் வேண்டும். அவள் திரும்பியபோது கதவு திறந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி தன் அம்மாவோடு உள்ளே வந்து, நேராக ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். வேறு யார் வந்திருந்தாலும் பரவாயில்லை. வந்தவள் ரேடியோ.

காலையில் ஒரு காதில் விழுந்ததை மதியத்துக்குள் முப்பது காதுகளில் போடுகிறவள் அவள். கெட்டவள் இல்லை. வாய்தான் மூடாது.

"எந்திரி. ஸ்டூல் வேணும்" என்றாள் எறும்பு.

"எதுக்கு?"

"போன் எடுக்கணும்."

"எதுக்குப் போன்?"

"சும்மாதான்."

"சும்மாவா? அப்புறம் ஏன் உன் மூக்கு வேர்க்குது?"

டிவியில் பின்னல் மாடல் ஒன்று போனது. "அம்மா, போன்" என்றாள் எறும்பு.

"கையெல்லாம் சாயம். கொஞ்சம் பொறு" என்றார் அம்மா, திரும்பாமலே.

எறும்பு ஒரு காலில் நின்றாள். மறு காலில் நின்றாள். டிவியில் காய்கறிப் பட்டியல். கொண்டை மாடல். தம்பியின் உடைந்த பல்.

அதற்கடுத்து பூனையின் முகம் திரை முழுக்க வந்தது.

"வ... வ... வணக்கம். இன்றைய செ..."

எறும்பு கையில் அகப்பட்ட துண்டைச் சுருட்டி மேலே வீசினாள். அது டிவிக்குப் போகாமல் கண்டக்டர் அக்காவின் மடியில் விழுந்தது. இன்னொரு துண்டு. அது டிவியின் மூலையில் மாட்டி, பூனையின் முகத்தை மூடியது. ஆனால் குரல் வந்துகொண்டே இருந்தது. எறும்பு மேசைமேல் இருந்த டிரையரை எடுத்து முழு வேகத்தில் ஓடவிட்டாள். பார்லரில் புயலடித்தது. பெஞ்சில் இருந்தவர்களின் பத்திரிகைகள் பறந்தன.

அம்மா திரும்பிப் பார்த்தார். திட்டத்தான் வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். சாயக் கையுறையைக் கழற்றிப் போட்டு, எட்டிப் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"போ. உள்ள போய்ப் பாரு."

எறும்பு துண்டு அறைக்குள் ஓடினாள். செயலியை மூடினாள். வெளியே குரல் நின்றது.

மூடினால் மட்டும் போதாது. நாளைக்கு அம்மா திறந்தால் மறுபடி எல்லாம் ஓடும். அவள் அமைப்புகளுக்குள் போனாள். செயலிகளின் பட்டியலில் அதைக் கண்டுபிடித்தாள். 'அனுமதிகள்' என்று ஓர் இடம் இருந்தது. அதற்குள், காலையில் அவள் அவசரமாக அழுத்திய அதே மூன்று பதில்கள். இந்த முறை 'தேர்ந்தெடுத்தவை மட்டும்' என்பதை அழுத்தினாள். பதினான்கு முடி மாடல் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறித்தாள். அதற்கு இரண்டே நிமிடம்தான் ஆனது.

முன்னறைக்கு வந்தாள். அம்மா டிவியிலிருந்து துண்டை எடுத்திருந்தார். செயலியை மறுபடி திறந்தாள். குட்டை, சுருட்டை, நீளம், பின்னல், கொண்டை. பதினான்கும் முடிந்து மறுபடி குட்டை முடி வரும்வரை டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அது பூனைதானே?" என்றாள் பின்னால் ரேடியோ. "எதுக்கு அவ செய்தி வாசிக்கிறா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். வேறு யாரோ என்று சொல்லலாம். ஆனால் ரேடியோவுக்குக் கண் நன்றாகவே தெரியும்.

"அது அவளோடது. அவகிட்டதான் கேக்கணும்" என்றாள் எறும்பு. "நான் காட்டியிருக்கக் கூடாது. தப்பு என்னுது."

"அப்ப அவகிட்டயே கேக்கறேன்" என்றாள் ரேடியோ.

திங்கட்கிழமை கேட்பாள். அதற்குள் இன்னும் எத்தனை பேரிடம் கேட்பாளோ.

மதியம் எறும்பு அம்மாவிடம் கேட்டுப் பார்லர் போனை எடுத்துக்கொண்டாள். பூனையின் தெருவுக்குப் போனாள். வீட்டைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பி வந்தாள். மறுபடியும் தாண்டினாள். மூன்றாவது முறை, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பூனையே கூப்பிட்டுவிட்டாள்.

"எ... எதுக்கு மூணு தடவ போற?"

எறும்பு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். துண்டு வீசியதை மட்டும் கொஞ்சம் வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்தாள். பூனை சிரிக்கவில்லை.

"எவ்வளவு நேரம் வந்துச்சு?"

"மூணு விநாடி. இல்ல, நாலு. சத்தம் கொஞ்சம் கூட."

"எத்தனை பேரு?"

"அம்மாவோட சேர்த்து எட்டுப் பேர். அதுல ஒருத்தி ரேடியோ."

பூனை தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எறும்புக்கு, அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"அந்த வீடியோ எல்லாம் அழிச்சிடவா?" என்று கேட்டாள்.

"நீ எதையும் ப... பண்ணாத. போனைக் குடு. எங்க போய் மாத்தினன்னு எனக்குக் காட்டு."

எறும்பு காட்டினாள். பூனை அந்தப் பட்டியலை மெதுவாக மேலே தள்ளினாள். அவளுக்கு எதிலும் அவசரம் கிடையாது. படங்களையும் கோப்புகளையும் பார்க்க அனுமதி வாங்கியிருந்த செயலிகள் எல்லாம் வரிசையாக இருந்தன. டிவி செயலி ஒன்றுதான் என்று எறும்பு நினைத்திருந்தாள். ஆறு இருந்தன.

"டார்ச் லைட்" என்று படித்தாள் பூனை. "அதுக்கு எ... எதுக்கு?"

"தெரியல. கேட்டுச்சு. சரின்னுட்டேன்."

"கால்குலேட்டர்." பூனை நிமிர்ந்து பார்த்தாள். "கால்குலேட்டருக்கு எதுக்கு என் முகம்?"

ஒருவேளை மூக்கின் நீளத்தைக் கூட்டிப் பார்க்கும் போலிருக்கிறது என்று சொல்ல எறும்புக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

டிவி செயலியைத் தவிர மற்றவற்றைப் பூனை ஒவ்வொன்றாகத் திறந்து, தன் விரலாலேயே 'அனுமதிக்க வேண்டாம்' என்று அழுத்தினாள். டார்ச்சைப் போட்டுப் பார்த்தாள். எரிந்தது. கால்குலேட்டரில் ஏழையும் எட்டையும் பெருக்கிப் பார்த்தாள். ஐம்பத்தாறு வந்தது.

"அனுமதி இல்லாமலே வேலை செய்யுது" என்றாள். கேமராவிடம் வந்ததும் யோசித்தாள். "இதுக்கு வேணும். இல்லன்னா எடுத்ததை எங்க வைக்கும்?" அதை அப்படியே விட்டாள்.

முடித்ததும் போனை எறும்பின் கையில் வைத்தாள். "நீ வீட்டுக்குப் போ" என்றாள்.

கோபமாகவும் சொல்லவில்லை, அன்பாகவும் சொல்லவில்லை. அதுதான் எறும்பை அரித்தது. ஞாயிறு முழுக்க அவள் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். அம்மா கடைசியில் அவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்து, "நடக்கறதுதான் நடக்கற, அப்படியே பெருக்கிடு" என்றார்.

திங்கட்கிழமை இடைவேளை மணி அடித்தவுடன் மைதானத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூனையிடம் ரேடியோ போனாள். எறும்பு தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். போகலாமா, வேண்டாமா? இரண்டடி வைத்தாள். ஓரடி பின்வாங்கினாள். பிறகு ஓடியே போய்விட்டாள்.

"உன்ன டிவியில பார்த்தேன்" என்று ரேடியோ ஆரம்பித்திருந்தாள். "சனிக்கிழமைல இருந்து யார்கிட்டயும் சொல்லல. எங்கம்மாகிட்டகூட இல்ல. உன்கிட்டதான் கேக்கணும்னு இவ சொன்னா. எனக்கு வாயெல்லாம் வலிக்குது. நீ எதுக்குச் செய்தி வாசிச்ச?"

எறும்பு ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தாள். பூனை கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

"பழகறேன்" என்றாள் பூனை. "காலைக் கூட்டத்துல வா... வா..."

ரேடியோ உதவிக்கு வந்தாள். "வாசிக்கவா?"

"இரு. நா... நானே சொல்றேன்."

ரேடியோ இருந்தாள். பூனை மூச்சை இழுத்து விட்டாள். பக்கத்து மரத்தில் ஒரு காகம் இரண்டு முறை கத்தி முடித்தது.

"வாசிக்கணும்" என்றாள் பூனை.

"சரி" என்றாள் ரேடியோ. "எனக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டறியா? முழுசா?"

பூனை பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்தாள். விரித்து மடியில் வைத்து நீவினாள். பெஞ்சில் தன் இடப்பக்கத்தை ரேடியோவுக்குக் காட்டினாள். பிறகு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்த எறும்பை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ உ... உக்கார மாட்டியா?" என்றாள். "நீ நின்னா எனக்கு வாசிக்க வராது."

எறும்பு அவளுடைய வலப்பக்கத்தில் உட்கார்ந்தாள். பூனை வாசித்து முடிக்கும்வரை அவள் அசையவே இல்லை.