தோளுக்கு ஒரு ப்ரோச்!

போன் அலறியது.

லண்டன் ஹரோவில் தன் வீட்டில் ஹீட்டர் பக்கம் கால் நீட்டியிருந்த டாக்டர் இளங்கோவன், எரிச்சலோடு ரிசீவரை எடுத்தார். மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். லண்டனில் ஒரு மியூசியத்தின் ஆங்கிலோ-சாக்சன், அதாவது பழங்கால இங்கிலாந்து, நகை நிபுணர்.

"டொக்டர்! நான் யோகராஜா!"

குட்மேய்ஸில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரன். ஞாயிறு தவறாமல் மெட்டல் டிடெக்டரோடு வயல் வயலாக அலைபவன். இளங்கோவனைப் பொறுத்தவரை இவர்கள் எல்லோருமே குப்பை பொறுக்கிகள்!

"இன்னிக்கு என்ன? பீர் மூடியா?"

"இல்லை டொக்டர்... எலும்பு! தோளில ஒரு ப்ரோச்!"

"எந்த வயல்?"

"ரொம்ஃபோர்டுக்கு அங்கால... பெரிய ஓக் மரத்தடி."

இளங்கோவன் ஹீட்டரிலிருந்து காலை இழுத்துக்கொண்டார்.

அந்த மரத்தடியில்தான் ரதி இருந்தாள்!

அவர் மனைவி. 1983-ல் கழுத்தை நெரித்தார். ஈப்போவுக்கே ஓடிவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னார். உடைகளை எரித்துவிட்டுப் புதைத்தார். சாக்சன் பெண்கள் உடையைக் குத்திக்கொள்வதுபோல, மியூசியத்திலிருந்து சுட்ட ப்ரோச்சுகளைத் தோளுக்கு ஒன்றாக வைத்தார். இந்த ஆறு வருடத்தில் வெறும் எலும்பாகியிருப்பாள். யார் தோண்டினாலும் பழங்காலப் பிணம் என்று நினைத்து நிபுணரைக் கூப்பிடுவார்கள்.

அந்த நிபுணர் அவரேதான்!

நவம்பர் மாலை. வயலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குழிக்குள் தோள் எலும்பு... அதன்மேல் சேறு அப்பிய வட்டத் தகடு.

"தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லை."

"அதிசயம்தான்! ஆறாம் நூற்றாண்டு. சாக்சன் பொம்பளை. சந்தேகமே இல்ல."

"பொலிசுக்குச் சொல்ல வேண்டாமோ?"

"சொல்லுங்களேன்! ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவளுக்கு வந்து ஒப்பாரி வைப்பாங்க. உங்களை மாதிரி ஆளுங்க கையில மெஷினைக் கொடுத்ததே தப்பு!"

யோகராஜாவின் முகம் சுருங்கியது.

"அப்ப... நான் கூட நிக்கட்டோ?"

"கிளம்புங்க! இது படிச்சவன் வேலை."

அவன் கார் கிளம்பியது.

இளங்கோவன் மண்டியிட்டு, கட்டைவிரலால் ப்ரோச்சின் சேற்றைத் துடைத்தார். தங்கப் பூச்சு... சுருள் சுருளாய் வேலைப்பாடு...

சுருளா?

அவர் வைத்தது நட்சத்திரம் போட்டதாயிற்றே!

இது ரதி இல்லை. நிஜமாகவே சாக்சன் பெண்! தெரியாமல் உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கிறார்.

வாய்விட்டுச் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது.

ரதி இருப்பது மரத்தின் மறுபக்கம்; வந்த பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை. சேதி பரவினால் அடுத்த வாரமே அத்தனை பொறுக்கிகளும் வயலில் நிற்பார்கள்! இன்றைக்கே அவளை அப்புறப்படுத்தியாக வேண்டும்.

குழியருகே கிடந்த மண்வெட்டியோடு ஓடினார். தோண்டினார். மூச்சிரைத்தது. நன்றாக இருட்டிவிட்டது. முதலில் நட்சத்திரம் வந்தது. பிறகு மண்டையோடு... இரு கைகளாலும் தூக்கினார்.

முகத்தில் டார்ச் வெளிச்சம்!

"அப்பிடியே நில்லுங்கோ, டொக்டர்!"

யோகராஜா! அவன் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"நீங்கள் என்னைத் துரத்தின துரத்தில, ப்ரோச்சை அமுக்கப் போறியள் எண்டு நினைச்சன். கள்ளனைப் பிடிக்கத்தான் இவையைக் கூட்டி வந்தனான்!"

"முட்டாள்!" என்ற இளங்கோவன், போலீஸ் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் சீறினார். "நான் மியூசியம் நிபுணர்! இது சாக்சன் எலும்பு. ஆறாம் நூற்றாண்டு!"

மூத்த போலீஸ்காரர் டார்ச்சை மண்டையோட்டின் வாய்க்குக் கொண்டு போனார்.

கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைப்பு பளிச்சிட்டது.

யோகராஜா குனிந்து பார்த்தான். பிறகு இளங்கோவன் பக்கம் நிமிர்ந்தான்.

"ஆறாம் நூற்றாண்டிலயே இவவுக்கு என்எச்எஸ் அரசாங்கப் பல்டொக்டர் கிடைச்சிட்டாரோ, டொக்டர்? எனக்கு இன்னும் அப்பொயின்ட்மென்ட் கிடைக்கேல்லை!"